கிணத்துக்குள்ள ஒரு லேசர், மேட்டுல ஒரு மாமன்

ஏ மருமவனே, அந்த லேப்டாப்பைக் கொஞ்சம் மூடு. மூட மனசு வரலைன்னா பாதியாச் சாய்ச்சாவது வையி. கோயில் கொடைக்குன்னு லீவு போட்டுட்டு வந்த பிள்ளை, சாமியாட்டத்தையும் பாக்கல, வில்லுப்பாட்டையும் கேக்கல. கிணத்து மேட்டுல உக்காந்துக்கிட்டு கிணத்தைப் பாக்காம திரையைப் பாக்க. அப்படி என்னத்தைப் பாக்கேன்னு எட்டிப் பாத்தா, அதுலயும் ஒரு கிணறு! மேல காத்துன்னு ஒரு பட்டை, கீழ தண்ணின்னு ஒரு பட்டை, ரெண்டுக்கும் நடுவுல நேர்க்கோடு. தவளை இல்ல, பாசி இல்ல, உதிர்ந்து விழுந்த தென்னங்குரும்பை ஒண்ணுகூட இல்ல. இவ்வளவு சுத்தமான கிணறு நம்ம ஜில்லாவுல எந்தப் பஞ்சாயத்துலயும் கிடையாது. இதைத் தோண்டினவன் யாருன்னு சொல்லு, கொடையில அவனுக்கு ஒரு பரிவட்டம் கட்டிருவோம்.

கோவிச்சுக்காத. மாடல்னா அப்படித்தான் ஆரம்பிக்கணும், ஒத்துக்கிடுதேன். ஒன்பதாங்கிளாசுக்கு ஒளிவிலகல் நடத்தி நடத்தித் தொண்டை வத்தின ஆளு நான். கரும்பலகையில நான் வரைஞ்ச தண்ணியிலயும் தவளை கிடையாது. ஆனா அதை வச்சு நான் எந்தக் குளத்துக்கும் ஆழம் சொல்லி பில்லு போடல. உங்க கம்பெனி போடுதுல்லா? ட்ரோன்ல லேசரைக் கட்டிப் பறக்க விட்டு, குளம் எத்தனை அடி, எவ்வளவு தூர் வாரணும்னு ரிப்போர்ட்டு குடுக்குதுல்லா? அப்பம் உங்க மாமன் சொல்லுதது ரெண்டைக் காதுல வாங்கிக்கோ. பீஸு வேண்டாம். கொடைக்கு வந்த மிக்சர் பொட்டலத்தை இங்கிட்டுத் தள்ளு, போதும்.

முதல்ல ஒரு கேள்வி. உன் மாடல்ல யாரு பாக்கா?

முழிக்க பாரு. தண்ணிக்கு ஒளிவிலகல் எண் 1.33னு எழுதிட்டா எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு நினைக்க. நேத்து சாயந்திரம் நூல்ல கல்லைக் கட்டி இறக்கினோம்லா, தண்ணி 12 அடி. இப்பம் இங்கன நின்னு நேர் கீழ பாரு. உன் கண்ணுக்கு அது 9 அடிதான். அடியில கிடக்குற கல்லுல இருந்து கிளம்புற கதிரு தண்ணியைத் தாண்டி வெளிய வரும்போது இன்னும் விரிஞ்சு வருது. கண்ணுக்கு அந்தச் சங்கதி தெரியாது. நேராத்தான் வந்திருக்கும்னு நம்பி, வந்த வழியைப் பின்னால நீட்டிப் பாக்குது. கல்லு மூணடி மேல எந்திரிச்சு வந்து உக்காந்திருக்கு. சாய்ஞ்சு பாத்தியோ, இன்னும் மேல வரும். "இடுப்பளவுதாம் தண்ணி"ன்னு சொல்லிக் குளத்துல குதிச்ச பிள்ளைங்க எத்தனை பேரு இந்தக் கணக்குல மோசம் போயிருக்கும்!

இப்பம் ஆபீசுல இருந்து கொண்டாந்திருக்கியே பச்சை லேசர் பொட்டி, அதை அதே இடத்துல வையி. அதுக்குக் கண்ணு கிடையாது, கடிகாரம்தான் இருக்கு. வெளிச்சம் போயி முட்டித் திரும்பி வர எவ்வளவு நேரம்னு எண்ணுது. காத்துல வெளிச்சம் ஒரு அடி போக ஏறக்குறைய ஒரு நானோசெகண்டு. தண்ணிக்குள்ள அதோட வேகம் வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர்ல இருந்து 2 லட்சத்து 25 ஆயிரத்துக்கு இறங்கிரும். 12 அடி தண்ணியைக் கடக்க ஒரு வழிக்கு 16 நானோசெகண்டு ஆவும். பொட்டிக்குத் தண்ணியும் தெரியாது, கிண்ணியும் தெரியாது. "16 நானோசெகண்டா? சரி, 16 அடி"ன்னு எழுதிட்டு அது பாட்டுக்கு அடுத்த வேலையைப் பாக்கும்.

பாத்தியால? ஒரே தண்ணி. நூலுக்கு 12, கண்ணுக்கு 9, கடிகாரத்துக்கு 16. மூணுல ஒருத்தரும் களவாணி கிடையாது, அவங்கவங்க பாத்ததை அவங்கவங்க சொல்லுதாங்க. "விலகல்னால ஆழம் குறைச்சலாத் தெரியும்"னு நான் நடத்தின பாடத்தை மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டு, பொட்டி காட்டின 16ஐ நீ இன்னொரு தடவை மூணால வகுத்து நாலால பெருக்கினேன்னு வையி, இந்தக் கிணறு 21 அடி ஆயிரும். பிறவு குளமெல்லாம் ஆழமாத்தான் இருக்கு, தூர் வாரி முடிச்சாச்சுன்னு பில்லு பாஸ் ஆயிரும். கான்ட்ராக்டரு உன் போட்டோவை பூசையறையில மாட்டுவாரு.

இது ஒண்ணும் நம்ம ஊருக் கதை மட்டும் இல்ல. 2018 செப்டம்பர்ல நாசா ஐஸ்சாட்-2ன்னு ஒரு துணைக்கோளை அனுப்பிச்சாங்க. போனது பனிப்பாளம் உசரம் அளக்க. 500 கிலோமீட்டர் மேல இருந்து வினாடிக்குப் 10,000 தடவை பச்சை லேசரைத் தட்டி விடும். தெளிஞ்ச கடலோரத்துல பாத்தா, தண்ணியைத் தாண்டி அடித்தரையில பட்ட ஃபோட்டானும் திரும்பி வருது. வந்த ஆழத்தை அப்படியே வாங்கிக்கிட முடியுமா? ஏறக்குறைய முக்காலாக் குறைச்சாத்தான் நிசம். அது ஏன் பச்சைன்னும் கேட்டுக்கோ. சிவப்பையும் அதுக்கு அங்கிட்டு இருக்கிற அகச்சிவப்பையும் தண்ணி முழுங்கிரும். விமானத்துல இருந்து ஆழம் எடுக்கிற பழைய ஆளுங்க ரெண்டையும் அனுப்புவாங்க. 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு தண்ணி மேல்மட்டத்துல பட்டுத் திரும்பும், 532 பச்சை அடிவரைக்கும் போயிட்டு வரும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆழம். ஒரே லேசர்ல இருந்துதான் ரெண்டும், அலைநீளத்தைப் பாதியாக்கினா அகச்சிவப்பு பச்சை ஆயிரும். கெட்டிக்காரனுங்க.

இன்னொண்ணு, நீ நேத்து முணுமுணுத்தது என் காதுல விழுந்துச்சு. துடிப்பா விடுற லேசருக்கு 1.33 ஆவாது, 1.36 பக்கம் போடணும்னு. சரிதான். கதிரு எந்தப் பக்கம் திரும்புதுங்கிற கணக்குக்கு ஒரு எண், துடிப்பு எப்பம் வந்து சேருதுங்கிற கணக்குக்கு வேற எண். பரவாயில்ல, உங்க அம்மா கட்டின பீஸு வீணாப் போகல.

இப்பம் ஒரு பழைய கதை சொல்லுதேன். இதை நல்லாக் கேட்டுக்கோ, பின்னால உதவும். தாலமின்னு ஒருத்தர் அலெக்சாண்டிரியாவுல, கிபி ரெண்டாம் நூற்றாண்டு. காத்துல இருந்து தண்ணிக்குள்ள போற கதிரு எவ்வளவு திரும்புதுன்னு 10 டிகிரிக்கு ஒரு தடவை அளந்து பட்டியல் போட்டாரு. 10க்கு 8, 20க்கு 15.5, 30க்கு 22.5, 40க்கு 29, இப்படியே போயி 80க்கு 50. பட்டியலைப் பாத்தா கண்ணுல ஒத்திக்கிடலாம், அவ்வளவு அழகு. ஒவ்வொரு படிக்கும் கூடுற அளவைக் கழிச்சுப் பாரு. 8, 7.5, 7, 6.5ன்னு சரியா அரை அரையா இறங்குது. இயற்கை எங்கன இப்படிச் சமத்தா நடக்கும்? மனுசன் கொஞ்சத்தை அளந்திருக்காரு, மிச்சத்தை அரை டிகிரி ஏணியில ஏத்தி விட்டிருக்காரு. 60 டிகிரியில அவரு சொன்ன 40.5 அச்சுக் குத்தினதா இருக்கு. ஆனா 80 டிகிரிக்கு நிசமான விடை 47.6. அதுமட்டுமா? காத்துல இருந்து தண்ணிக்குள்ள போற கதிரு, நீ தலைகீழா நின்னு தண்ணி குடிச்சாலும் 48.6 டிகிரியைத் தாண்டிச் சாயாது. தாலமி 50ன்னு எழுதியிருக்காரு! அந்தக் கதிரு உலகத்துலயே கிடையாது. பட்டியல்ல மட்டும் ஆயிரத்துச் சொச்சம் வருசம் குடியிருந்துச்சு.

சரியான விதி கிடைச்சதும் ஒரு கூத்து. 984ல பாக்தாத்துல இபின் சாஹல் கணக்காப் போட்டு வச்சாரு, ஊரு மறந்து போச்சு. 1602 வாக்குல இங்கிலாந்துல தாமஸ் ஹேரியட் கண்டுபிடிச்சாரு, அச்சுல போடல. 1621ல லெய்டன்ல ஸ்நெல் கண்டுபிடிச்சாரு, அவரும் போடல, 1626ல செத்துப் போனாரு. நீங்க சொல்லுவீங்களே, கமிட் பண்ணாம போனாங்கன்னு, அந்தக் கேஸு ரெண்டும். 1637ல டெகார்ட் அச்சுல போட்டாரு. போட்டவரு, தண்ணிக்குள்ள வெளிச்சம் வேகமாப் போகும்னு ஒரு காரணத்தையும் சேத்துச் சொல்லிட்டாரு. விடை சரி, காரணம் தலைகீழு. பரீட்சைத் தாள்ல இப்படி எழுதின பயலுவளை நான் நிறையப் பாத்திருக்கேன், முழு மார்க்கு குடுத்து அனுப்பினதும் உண்டு.

1662ல ஃபெர்மா வந்து, வெளிச்சம் இருக்கிறதுலயே சீக்கிரமாப் போற வழியைத்தான் புடிக்கும்னாரு. வயக்காட்டுல பசு இறங்கிருச்சுன்னு வையி. நீ கெட்டித் தரையில நிக்க, பசு தொளி அடிச்ச சேத்துக்குள்ள நிக்கி. நேர்க்கோட்டுல போவியா? மாட்ட. ஓட முடியுற தரையில கொஞ்சம் கூடுதலா ஓடி, நடக்க முடியாத சேத்துல குறைச்சலா இறங்குவ. வெளிச்சமும் அதைத்தான் செய்யிது, ஆனா தண்ணியில மெதுவாப் போனாத்தான் இந்தக் கணக்கு நிக்கும். அதை ஒருத்தரு அளந்து காட்ட 1850 ஆச்சு. பாரீஸ்ல ஃபூக்கோ சுத்துற கண்ணாடியை வச்சுத் தண்ணியில வெளிச்சம் மெதுவாத்தான் போவுதுன்னு நிரூபிச்சாரு. ஆக, உன் பொட்டி 16ன்னு சொல்லுததுக்கும் உன் கண்ணு 9ன்னு சொல்லுததுக்கும் காரணம் ஒண்ணுதான். அந்த ஒண்ணைப் புரிஞ்சுக்கிட மனுசனுக்கு இவ்வளவு நாளாச்சு, நீ கொடை முடியுறதுக்குள்ள முடிக்கணும்ங்க.

அடுத்து அந்த நடுக்கோடு. காத்தும் தண்ணியும் சந்திக்கிற இடம். நீ அதைக் கோடுன்னு வரைஞ்சிருக்க, ஆனா உன் மாடல்ல வில்லங்கம் எல்லாம் அங்கனதான் ஒளிஞ்சிருக்கு. வந்த வெளிச்சத்துல எவ்வளவு உள்ள போவுது, எவ்வளவு துள்ளித் திரும்புதுன்னு 1823ல ஃப்ரெனெல் சொல்லிட்டாரு. நேர்மேல இருந்து விழுந்தா 100க்கு 2தான் திரும்பும். 60 டிகிரி சாய்ஞ்சா 6. 80 டிகிரி சாய்ஞ்சா 35. படுக்கைவாட்டத்துல வந்தா முழுசும். அதனாலதான் குளத்தங்கரையில நின்னா காலடியில மீன் தெரியுது, அக்கரைப் பக்கம் பனைமரம்தான் தலைகீழாத் தெரியுது.

நீ என்ன பண்ணியிருக்க? அந்தச் சமன்பாடு நீளமா இருக்குன்னு, ஷ்லிக்குன்னு ஒருத்தர் 1994ல கம்ப்யூட்டர் படத்துக்காகச் சொன்ன குறுக்கு வழியைப் போட்டிருக்க. கொசைனை ஒண்ணுல கழிச்சு அஞ்சு மடக்குப் பெருக்கினா வேலை முடிஞ்சுது. நல்ல வழிதான், விளையாட்டுல கடலு காட்டணும்னா நானும் அதைத்தான் போடுவேன். ஆனா 80 டிகிரியில நிசம் 35ன்னா அது 40ங்கும். தண்ணிக்குள்ள இருந்து வெளிய வர்ற கதிருக்கு, தண்ணிக்குள்ள உள்ள கோணத்தையே போட்டியோ, முழு எதிரொளிப்புன்னு ஒண்ணு இருக்கிறதே அதுக்குத் தெரியாது. காத்துப் பக்கத்துக் கோணத்தைப் போடணும். குறுக்கு வழியில போறது தப்பில்ல மருமவனே, எந்த இடத்துல சுருக்கினோம்ங்கிறதை மறந்துட்டுப் போறதுதான் தப்பு.

நேத்து ராத்திரி படத்துல கறுப்புக் கறுப்பாத் திட்டு விழுதுன்னு தலையைப் பிச்சுக்கிட்டு இருந்தியே, அதும் இங்கனதான். தண்ணியில இருந்து காத்துக்கு வரும்போது விகிதத்தைத் திருப்பிப் போட மறக்கிறது ஒண்ணு. திருப்பிப் போட்டாலும் 48.6 டிகிரியைத் தாண்டினா வர்க்கமூலத்துக்குள்ள குறை எண் வந்து உக்காந்துக்கிடும், இது இன்னொண்ணு. கம்ப்யூட்டரு பாவம், "இது எண்ணே இல்ல"ன்னு கையை விரிச்சிரும். நீ அதைக் கறுப்புன்னு வரைஞ்சிருப்ப. அங்கன வெளிச்சம் சாகல, முழுசாத் திரும்பித் தண்ணிக்குள்ளயே போயிருச்சு. தண்ணிக்குள்ள கிடக்குற கெளுத்தியைக் கேளு, சொல்லும். அது அண்ணாந்து பாத்தா மொத்த வானமும் கரையும் மரமும் நம்ம ரெண்டு பேரும் 97 டிகிரி வட்டத்துக்குள்ள அடங்கிருவோம். அதுக்கு வெளிய பாத்தா குளத்து அடித்தரைதான் கண்ணாடியில பாக்க மாதிரித் தெரியும். உன் மாடல்ல மீனு இடத்துல கேமராவை வச்சு மேல பாரு. அந்த வட்டம் வரலைன்னா ரிப்போர்ட்டு அனுப்பாத.

கொக்கு இதையெல்லாம் படிக்காமலே செய்யிது. 1987ல இஸ்ரேல்ல கரைக்கொக்கை வச்சு ஆராய்ச்சி பண்ணிப் பாத்தாங்க. மீனு தெரியுற இடத்துல அது கொத்தல, இருக்கிற இடத்துல கொத்துது. அதுக்கு இன்கிரிமெண்டும் கிடையாது, அப்ரைசலும் கிடையாது.

ரெண்டு அடுக்கோட முடியலியே, உங்க ஆபீசுல பொட்டிக்கு முன்னால ஒரு கண்ணாடி மூடி வேற போட்டிருக்காங்க. காத்து, கண்ணாடி, காத்து, தண்ணி. பயப்படாத. அடுக்கு எல்லாம் ஒண்ணுக்கொண்ணு இணையா இருந்தா, ஒளிவிலகல் எண்ணைக் கோணத்தோட சைனால பெருக்கினது எந்த அடுக்குலயும் மாறாது. நடுவுல நீ பத்து கண்ணாடி வச்சாலும் தண்ணிக்குள்ள கதிரு சாயுற கோணம் அதேதான். மாறுறது ரெண்டு. கதிரு பக்கவாட்டுல கொஞ்சம் நகர்ந்து விழும், நேரமும் கூடும். கோணத்தைச் சரிபாத்துட்டு எல்லாம் சரின்னு உக்காந்துக்கிட்டா, நகர்ந்ததும் தாமதமானதும் உன் ஆழத்துல போயி ஏறிக்கிடும்.

காத்தையே ஒரே அடுக்குன்னு நினைக்காத. திருச்செந்தூர்ல விடியக்காலம் கடலுக்குள்ள இருந்து சூரியன் எந்திரிச்சு வர, கன்னத்துல போட்டுக்கிட்டியே, அந்நேரம் சூரியன் எந்திரிக்கவே இல்ல தெரியுமா? காத்தோட எண் தரையில 1.0003, மேல போகப் போக 1. இந்தத் துளி வித்தியாசம் அடுக்கடுக்காச் சேந்து, அடிவானத்துல வெளிச்சத்தை 34 கலை தூக்கிக் காட்டுது. சூரியனோட அகலமே 32 கலைதான். அடிவட்டம் கடலைத் தொட்டுக்கிட்டு முழுசாத் தெரியுதுன்னா, நிசத்துல ஆளு இன்னும் கீழதான் கிடக்காரு. 1597 சனவரியில நோவாயா செம்லியா தீவுல பனிக்குள்ள மாட்டிக்கிட்ட பேரன்ட்ஸ் கோஷ்டிக்கு, வர வேண்டிய நாளுக்கு ரெண்டு வாரம் முந்தியே சூரியன் தெரிஞ்சுது. தரையை ஒட்டிக் குளுந்த காத்து, அதுக்கு மேல சூடான காத்து, நடுவுல மாட்டின வெளிச்சம் பூமி வளைவோட வளைஞ்சே வந்திருக்கு. அவங்க எழுதி வச்சதை ரொம்ப காலம் யாரும் நம்பல. மாடல்ல வரலைங்கிறதுக்காகப் பாத்தவன் சொன்னதைப் பொய்யின்னு சொல்லுத பழக்கம் உங்க தலைமுறையில வந்ததில்ல.

நம்ம நாலுவழிச் சாலையில மத்தியானம் தெரியுற கானலும் இந்த ரகம்தான், அடுக்கு மட்டும் தலைகீழு. அங்கன கோடே கிடையாது, எண் கொஞ்சம் கொஞ்சமா மாறிக்கிட்டே போவும். நீ அதைத் துண்டு துண்டாப் போட்டுத்தான் கணக்குப் பண்ண முடியும். துண்டு பெருசாப் போனா கதிரு முறிஞ்சு முறிஞ்சு போவும். சின்னதாப் போட்டா உன் லேப்டாப்பு இட்லி அவிக்கும். எது வேணும்னு நீயே பாத்துக்கோ.

இதுவரைக்கும் கதிரு கதிருன்னு பேசிட்டேன். அதுக்கும் ஒரு எல்லை உண்டு. அங்கன பாரு, மோட்டார் ரூம்புல இருந்து சிந்தின டீசலு தண்ணி மேல நீலமும் ஊதாவுமா மினுக்குதே. அந்தப் படலம் வெளிச்சத்தோட அலைநீளம் அளவுக்குத்தான் தடி. மேல்பக்கத்துல துள்ளினதும் கீழ்பக்கத்துல துள்ளினதும் ஒண்ணோடொண்ணு கலந்து, சில நிறத்தைக் கூட்டும், சிலதைக் கொல்லும். இங்கன கதிருக் கணக்கு போட்டா நிறமே வராது. அலையாத்தான் போடணும். அடுக்கு ஒவ்வொண்ணுக்கும் ரெண்டுக்கு ரெண்டு அணி ஒண்ணு எழுதி வரிசையாப் பெருக்கிக்கிட்டே போவணும். என் மூக்குக் கண்ணாடியில பச்சையாத் தெரியுதே, அதும் இந்த வேலைதான். சும்மா கண்ணாடின்னா ஒரு பக்கத்துக்கு 100க்கு 4 திரும்பிரும். மெக்னீசியம் ஃப்ளோரைடை 100 நானோமீட்டர் தடிப்புல பூசினா அது நல்லாக் குறையும். கடைக்காரரு அதுக்குத் தனியாக் காசு வாங்கினாரு, அது வேற விசயம்.

இனி தண்ணிக்குள்ள இறங்கு. நீ கோட்டைத் தாண்டினதும் எல்லாம் சுபம்னு நினைச்சுட்ட. தெளிஞ்ச தண்ணியிலயே 10 மீட்டர் இறங்கினா சிவப்புல பெரும்பகுதி காலி, நீலம் நூறு மீட்டருக்கும் கீழ போவும். 1921ல நம்ம திருச்சியில பொறந்த ராமன் நார்குண்டா கப்பல்ல சீமையில இருந்து திரும்பி வாராரு. மத்திய தரைக்கடல் நீலமாக் கிடக்கு. வானத்தோட நிழல்தான் அந்த நீலம்னு ராலே சொல்லி வச்சிருந்தாரு, பெரிய ஆளு, யாரும் எதுத்துக் கேக்கல. ராமன் சட்டைப்பையில ஒரு நிக்கோல் பட்டகம். தண்ணியில ஏறக்குறைய 53 டிகிரியில பட்டுத் திரும்புற வெளிச்சம் முழுசா ஒரே திசையில அதிரும். பட்டகத்தைத் திருப்பி வச்சா அந்த நிழலைச் சுத்தமா அணைச்சிரலாம். அணைச்சுப் பாத்தாரு. வானத்து நிழல் போச்சு, நீலம் போகல, இன்னும் நல்லாத் தெரிஞ்சுது. நீலம் தண்ணிக்குள்ள இருந்து வருது! மூலக்கூறு சிதறடிக்கிற வெளிச்சம்னு அவரு சொன்னாரு. தண்ணி சிவப்பைத் தின்னுறதுக்கும் அதுல பெரிய பங்கு இருக்குன்னு இன்னைக்குத் தெரியும். ஆனா வேலை செஞ்ச விதத்தைப் பாரு. நீ மாடல்ல போடச் சலிச்சுக்கிடுதியே, அந்த நடுக்கோடு, அதோட குணத்தை வச்சே அந்தக் கோட்டைக் கண்ணுல இருந்து மறைச்சுப்புட்டாரு.

அவரு அண்ணன் மகன்தான் சந்திரசேகர். சித்தப்பா தண்ணியைப் பாத்தாரு, பிள்ளை விண்மீன், கோள் எல்லாத்தோட காத்தடுக்கையும் பாத்தாரு. வெளிச்சம் ஒரு அடுக்குல முட்டி, சிதறி, மறுபடி முட்டி, அதுல எவ்வளவு வெளிய வருதுன்னு 1950ல கதிர்வீச்சுக் கடத்தலுக்கே ஒரு புத்தகம் போட்டாரு. இன்னைக்கும் குளத்துக் கணக்கு போடுறவனும் மேகக் கணக்கு போடுறவனும் அதைத் தாண்டிப் போக முடியாது. கொடைக்கு வந்துட்டு கிணத்து மேட்டுல உக்காந்திருக்கிற என் மருமவன் அதைத் திறந்து பாத்தானான்னு நான் கேக்கல. கேட்டா சங்கடம்.

நீ போட்டிருக்கிறது மாண்டி கார்லோ. ஃபோட்டானை லட்சக்கணக்கா எறிஞ்சு, எங்கன முட்டும், எங்கன சாவும்னு பகடை உருட்டுற கணக்கு. சரி, உருட்டு. ஆனா பிழையைப் பாதியாக் குறைக்க நாலு மடங்கு உருட்டணும், பத்துல ஒண்ணாக்க நூறு மடங்கு. அதுக்குள்ள எங்க குளத்துக்கு வண்டல் எவ்வளவு, பாசி எவ்வளவுன்னு நீ ஒரு எண்ணு போட்டிருக்கியே, அது எங்க இருந்து வந்துச்சு? கடல் தண்ணி பத்தின எந்தப் பேப்பர்ல இருந்தோ எடுத்திருக்க. ஐப்பசி மழைக்கு வண்டலோட வந்து சேருற தண்ணியும் அந்தக் கடல் தண்ணியும் ஒண்ணா? 1865ல இத்தாலியில ஆஞ்செலோ செக்கின்னு ஒரு சாமியாரு, வெள்ளைத் தட்டைக் கயித்துல கட்டிக் கடல்ல இறக்கி, எத்தனை ஆழத்துல கண்ணுக்கு மறையுதுன்னு பாத்தாரு. அம்புட்டுதான் கருவி. உன் பச்சை லேசரு அந்த ஆழத்தைப் போல ரெண்டு மூணு மடங்கு போவும், அதுக்கு மேல தலைகீழா நின்னாலும் போவாது. வீட்டுல உங்க அத்தைகிட்ட ஒரு வெள்ளைத் தட்டு கேட்டு வாங்கு. நான் கேட்டதாச் சொல்லாத.

சரி, இப்பம் காலையில என்கிட்ட வந்து சொன்னியே, அந்தச் சங்கதிக்கு வாரேன். "மாமா, பொட்டி 15.6 அடி காட்டுது. 1.36ஆல வகுத்தா 11.5தான் வருது, கிணறு 12 அடி. எப்படியெல்லாமோ மாத்திப் பாத்தேன். தண்ணிக்கு 1.30ன்னு போட்டா சரியா 12 வந்து நிக்குது. நம்ம ஊருத் தண்ணியில உப்பு வேற மாதிரி இருக்கும் போல, அதைச் சேத்து எழுதிட்டேன்"ன்னு. நான் ஒண்ணும் சொல்லாம வெத்தலையைப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன், ஞாபகம் இருக்கா?

1.30ஆ? ஏ மருமவனே, ஐஸ் கட்டிக்கே 1.31. உப்புச் சேந்தா எண் கூடும், குறையாது. தாலமியாவது 50 டிகிரிங்கிற இல்லாத கதிரை எழுதினாரு. நீ உலகத்துல இல்லாத தண்ணியையே எழுதிட்ட. உன் பொட்டியும் சரி, 1.36ம் சரி, வகுத்தலும் சரி. 12தான் தப்பு. அது நேத்து சாயந்திரத்துக் கணக்கு. நீ லேசரை வைக்கிறதுக்கு முந்தி, விடியக்காலம் கரண்டு வந்ததும் நான் மோட்டாரைப் போட்டு வாழைக்குத் தண்ணி பாய்ச்சிட்டேன். அரை அடி அங்கதான் நிக்கி, போயி வாழைத்தோப்புல பாரு. உங்கிட்ட ஏன் சொல்லலைன்னு கேக்கியா? நீ கேக்கலியே.